காந்தாரியின் புலம்பலை எங்கள் சனத்துக்கு முன்னால் வாசிக்கலாமா?

வாசிகசாலை

எல்லோருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்புக்குக் கிட்ட ஒரு கிராமம், பெயர் வேண்டாம். மாதர் சங்கக் கூட்டம் முடிய வாசிகசாலையில் ஒரு மணித்தியாலம் மகாபாரதம் வாசித்துச் சொல்லி வருகிறேன். தொடங்கினது சின்னப் பிள்ளைகளுக்காகத்தான். பகாசுரனுக்குக் கொண்டுபோன வண்டில் சோற்றைப் பீமன் தானே தின்றது, அரக்கு மாளிகை எரிந்தது என்று ஒரே சிரிப்பும் கூச்சலுமாகப் போனது. குருச்சேத்திரத்துக்கு வந்ததும் பிள்ளைகள் குறைந்து, அம்மாமாரும் அம்மம்மாமாரும் கூடிவிட்டார்கள். பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சாகிற இடத்தில் ஓர் ஆச்சி நடுவிலேயே எழும்பிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று நினைத்தால், அடுத்த கிழமை எல்லோருக்கும் முதல் வந்து பாயில் இருந்துகொண்டு, "அந்தப் பெட்டை பிறகு என்ன செய்தவள்?" என்று கேட்கிறார். அபிமன்யுவின் பெண்சாதி உத்தரையைத்தான் கேட்கிறார். அருச்சுனனின் சபதம், சயத்திரதனின் தலை, இதொன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை.

பிரச்சினை என்னவென்றால், என்னிடம் இருந்தது வில்லிபாரதத்தை வைத்து எழுதின வசனப் புத்தகம். வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்திவிட்டார், போர் முடிய கதையும் முடிகிறது. அதனால் வியாசர் பாரதத்தின் முழுத் தமிழ் மொழிபெயர்ப்பை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பதினோராவதான ஸ்திரீ பருவத்தைப் படித்தேன். படித்த பிறகு நித்திரை வரவில்லை. பெண்கள் கூட்டமாகக் களத்துக்கு வருகிறார்கள். ஒரு தலையை எடுத்து ஓர் உடம்போடு பொருத்திப் பார்த்து, இது அவருடையது இல்லை என்று கண்டு திகைத்து நிற்கிறார்கள். உத்தரை அபிமன்யுவின் கவசத்தைக் கழற்றிக் காயங்களைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம்தானே என்னோடு இருந்தாய், ஏழாவது மாதம் போய்விட்டாயே என்கிறாள். கடைசியில் திருதராட்டிரன் கணக்குக் கேட்க, தருமன் செத்தவர்களின் தொகையைச் சொல்லிவிட்டு, காணப்படாதவர்கள் என்று வேறாக ஒரு தொகை சொல்கிறான்: 24,165.

அந்த இலக்கத்தில் நின்றுவிட்டேன். கோடிக்கணக்கில் செத்ததாகச் சொல்கிற, யாருக்கும் நம்பிக்கை வராத அந்தப் பெரிய தொகைக்குப் பக்கத்தில், அந்த 165 வரை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

என் கேள்வி இரண்டு. இதை எங்கள் ஆட்களுக்கு வாசிக்கலாமா, விட்டுவிடலாமா? வருகிறவர்களில் யாரையும் இழக்காதவர் என்று ஒருவரும் இல்லை. மற்றது, எங்கேயோ ஓர் அரச குடும்பத்தில் எப்போதோ நடந்ததாகச் சொல்லப்படுகிற கதை எப்படி இவ்வளவு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து இருக்கிறது?

மல்லாவி ரீச்சர்

வாசியுங்கள் தம்பி. ஆனால் அழுகிற பகுதியை மட்டும் பிய்த்து எடுத்து வாசிக்காதீர்கள், அது பிழையான வேலை. ஸ்திரீ பருவத்தில் அழுகைக்குச் சமமாகக் கோபமும் இருக்கிறது, எங்கள் சனத்துக்கு அதுவும் கேட்க வேண்டும். கண் கட்டின துணிக்குக் கீழால் காந்தாரியின் பார்வை தருமனுடைய கால் நகத்தில் பட, நகம் கெட்டுப் போகிறது. அதைக் கண்டு அருச்சுனன் கண்ணனுக்குப் பின்னால் போய் ஒளிக்கிறான். பதினெட்டு நாள் போரை வென்ற ஆள்! பிறகு அவள் கண்ணனையே பிடிக்கிறாள்: உன்னால் இதை நிறுத்த முடிந்திருக்கும், நீ பார்த்துக்கொண்டிருந்தாய், இன்றைக்கு முப்பத்தாறாவது வருஷம் உன் குலமும் இப்படியே அழியும். கண்ணன் மறுக்கவில்லை, அது அப்படித்தான் நடக்கும் என்கிறான். குற்றம் உன்னிலும் இருக்கிறது என்று அவளுக்குத் திருப்பியும் சொல்கிறான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். துக்கம் எல்லாக் கதையிலும் இருக்கிறது. அந்தக் கோபத்தை யார் தலையில் போடுவது என்று தெரியாமல் கடவுள் வரைக்கும் போவது இருக்கிறதே, அதைத்தான் எங்கள் ஆட்கள் உடனே அடையாளம் காண்கிறார்கள்.

இன்னோர் இடம். ஐந்து பிள்ளைகளையும் நித்திரைப் பாயில் பறிகொடுத்த திரௌபதியிடம் காந்தாரி, நீ எப்படியோ நானும் அப்படியே, என்னை யார் தேற்றுவது என்கிறாள். இந்தப் பக்கத்துத் தாயும் அந்தப் பக்கத்துத் தாயும். நான் உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது வழக்கமாகக் கடைசி வாங்கில் கதைத்துக்கொண்டே இருக்கிற பெடியள்கூட அமைதியாகிவிட்டார்கள்.

படிப்பிக்கிறவள் என்பதால் ஒன்று சொல்லாமல் போக ஏலாது. அழுகைக்கு நான்கு காரணம் என்று தொல்காப்பியம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்பட்டது, இழந்தது, இருந்த நிலை கெட்டுப் போனது, இல்லாமை. பிள்ளைகள் இதைச் சோதனைக்குப் பாடமாக்குகிறார்கள், சரி. ஆனால் வன்னியில் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள், எதையாவது இல்லை என்று சொல்வார்களா? இழவு ஒன்றுதான் துக்கம் என்று வெளியில் இருந்து வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அறுவடை முடிய ஊருக்கே நெல் கொடுத்த மனிசன் நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற அந்த அசைவு யாருடைய கணக்கிலும் இல்லை.

குளத்துக்கட்டு

நான் வேண்டாம் என்கிற கட்சி. காந்தாரிக்கு நூறு பிள்ளை, நூறு பேரையும் கண்ணால் பார்த்தாள். வியாசர் வரம் கொடுத்துத் தூர இருந்தே களம் முழுக்கத் தெரிந்தது. சந்தனக் கட்டையும் நெய்யும் வைத்து எரித்தார்கள், கங்கையில் தண்ணீர் விட்டார்கள். உடம்பைக் கண்டு அழுதவள் கொடுத்துவைத்தவள் என்று எங்கள் ஊரில் ஒரு மனிசி சொன்னார், அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. இதில் எங்கே ஒத்துப்போகிறது?

அடுத்தது, இதிகாசம் முழுக்க ராசாக்களின் துக்கம். பதினெட்டு அக்குரோணிப் படையில் வில்லுப் பிடித்த சாதாரணப் பெடியனின் தாயைப் பற்றி எத்தனை பக்கம்? சும்மா "மற்றவர்களும் அழுதார்கள்" என்று போகிறது.

இன்னுமொன்று, கோபிக்காதீர்கள் தம்பி. போர் முடிந்த காலத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், எங்களைச் சுற்றி இருத்தி, கண்ணகி மாதிரி நடி, சீதை மாதிரி படம் கீறு, மனம் லேசாகும் என்கிறார்கள். பின்னேரம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரவு அந்த வீட்டில் யார் இருந்து பார்க்கிறது? நீங்கள் அப்படியான ஆள் இல்லை என்று எழுத்தில் தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது.

அண்ணாவி மகன்

குளத்துக்கட்டு அண்ணை, ராசாக்களின் துக்கம் என்கிறீர்களே, கண்ணகி யார்? ஊர் விட்டு ஊர் வந்த ஒரு வியாபாரியின் பெண்சாதி. கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. நான் முல்லியவளைப் பக்கம், எங்கள் அப்பா கோவலன் கூத்துப் பழக்கினவர், அதனால் பக்கச்சார்பாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சனத்துக்குக் காப்பியம் புத்தகத்தில் இருந்து வரவில்லை. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல், கடல் தண்ணீரில் விளக்கெரிகிறது, மதுரையை எரித்துவிட்டு வந்தவள் நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியளிடம் கிழவியாக வந்து இருந்தாள் என்பது கதை. எரித்த கோபத்தோடு வந்தவளை இந்த ஊர் பொங்கிப் படைத்து ஆற்றியது. எழுத்து ஒன்றும் தெரியாத ஆச்சிமாருக்கு விடிய விடியக் கூத்துப் பார்த்தே முழுக் கதையும் மனப்பாடம். வாசிக்கலாமா என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவர்களாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். 2009க்குப் பிறகு அதே வைகாசிக்குள் போர் முடிந்த மே 18உம் வருகிறது. ஒரே மாதத்தில் கஞ்சியும் காய்ச்சுகிறோம், பொங்கலும் பொங்குகிறோம்.

கூத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். கோவலன் வெட்டுப்படுகிற இடத்தில் அழுவார்கள், அது எந்த ஊரிலும் நடக்கும். கச்சான் விற்கிறவன்கூடக் கையை நிறுத்துகிற இடம் வழக்குரைக்கிற இடம்தான். இளங்கோவின் சொல்லில், "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று தொடங்குகிறாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் சொல்ல, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டுகிறாள். அரசன் சாட்டுச் சொல்லவில்லை, விசாரணைக்குழு போடவில்லை, "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். கெடுக என் ஆயுள் என்று விழுகிறான். அந்த ஒரு வசனத்தைக் கேட்கத்தான் சனம் சாமம் சாமமாக முழித்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 தொடங்கி இருந்த அம்மாமாரின் மடியில் இருந்தது என்ன? படம், கடிதம், பதிவு இலக்கம் எழுதின துண்டு. எல்லாம் பரல் தெறிக்கிற சிலம்புதான். அதை உடைத்துக் காட்டினால் "நானே கள்வன்" என்று எழும்ப ஒருவரும் இல்லை. அந்த வசனம் காப்பியத்தில் மட்டும் கிடைக்கிறது, அதனால் சனம் காப்பியத்துக்குப் போகிறது.

அதோடு, சிலப்பதிகாரத்தில் யாரும் கவனிக்காத ஓர் இடம் வஞ்சிக் காண்டத்தில் இருக்கிறது. மாடலன் என்ற பிராமணன் சேர அரசன் செங்குட்டுவனுக்குச் செய்தி சொல்கிறான். கோவலனுடைய தகப்பன் பொருளை எல்லாம் தானம் கொடுத்துவிட்டுத் துறவி ஆகிவிட்டார், தாய் துக்கம் தாங்காமல் செத்துவிட்டார். கண்ணகியின் தகப்பனும் துறவி, தாயும் அப்படியே செத்தார். அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தி அடிகள் சாப்பாட்டை விட்டு உயிர் விட்டார். இத்தனை சாவும் ஒரு சில வரிக்குள். கோவலனின் தாய்க்கு ஒரு பெயர்கூட இல்லை. அண்ணை கேட்ட சாதாரணத் தாய் அங்கே இருக்கிறாள்.

பனிநாட்டான்

கனகராயன்குளத்தில் பிறந்து இப்போது பனி அள்ளுகிற தேசத்தில் இருக்கிறேன். மகளின் பள்ளிக்கூடத்தில் ஹோமரின் கிரேக்கக் காப்பியம் ஒடிசி படிக்கக் கொடுத்தார்கள், அவளுக்கு உதவி செய்ய என்று தொடங்கி நானே முழுக்கப் படித்துவிட்டேன். தம்பி கேட்ட அதே கேள்வி அதில் முதலாம் காண்டத்திலேயே வருகிறது என்பதால் எழுதுகிறேன்.

ஒடிசியஸ் போருக்குப் போய் இருபதாவது வருஷம். இருக்கிறானா செத்தானா தெரியாது. வீட்டு முற்றத்தில் ஒரு பாடகன், திராய் போரில் இருந்து ஆட்கள் திரும்பி வருகிற துன்பக் கதையைப் பாடுகிறான். மேல்மாடியில் இருந்து பெனலோப்பி இறங்கி வந்து, உனக்கு வேறு எத்தனையோ பாட்டுத் தெரியும், இதை நிறுத்து, என் நெஞ்சு தாங்குதில்லை என்று அழுகிறாள். மகன் டெலமாக்கஸ் வளர்ந்த பெடியன், பாடுகிறவனைப் பாட விடு அம்மா, உன் புருஷன் ஒருவர் மட்டுமா வரவில்லை, கேட்கப் பழகு, இப்போது மேலே போ என்கிறான். அவள் மேலே போய் அழுதே நித்திரையாகிறாள். எனக்கு அந்த மகனில் நல்ல கோபம் வந்தது. மகளோ அவன் சொன்னது சரி என்கிறாள். இரண்டு பேரும் இன்னும் சண்டை.

ஆனால் எட்டாம் காண்டத்தில் அதே ஒடிசியஸ் அந்நிய அரண்மனையில் இருந்துகொண்டு, திராய் கதையைப் பாடச் சொல்லித் தானே கேட்கிறான். பாடினதும் அழுகிறான். எப்படி அழுகிறான் என்று சொல்ல ஹோமர் எடுக்கிற உவமையைப் பாருங்கள்: ஊரைக் காக்கப் போய் விழுந்த புருஷனின் உடம்பில் விழுந்து ஒரு பெண் அழுகிறாள், பின்னால் நிற்கிற எதிரிகள் ஈட்டியால் முதுகில் குத்தி அவளை அடிமையாக இழுக்கிறார்கள், அவளைப் போல அழுதான். நகரத்தை எரித்தவன், எரிந்த நகரத்துப் பெண்ணைப் போல அழுகிறான். இதை எழுதினவருக்கு நெஞ்சு எங்கே இருந்தது என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு வேலைக்குப் போனேன்.

ஒருத்தி நிறுத்தச் சொல்கிறாள், ஒருவன் பாடச் சொல்கிறான். கேட்க வேண்டுமா என்று கேட்கிறவர்தான் தீர்மானிக்க வேண்டும், டெலமாக்கஸ் இல்லை. உங்கள் ஆச்சியும் அதைத்தானே செய்தார், எழும்பிப் போனார், தானாகத் திரும்பி வந்தார்.

அமெரிக்காவில் ஜொனதன் ஷே என்ற மனநல மருத்துவர், வியட்நாம் போரில் இருந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், 1994இல் ஹோமரின் மற்றக் காப்பியமான இலியட்டில் வருகிற வீரன் அக்கிலிசை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். தலைவன் செய்த அநியாயம், உயிர்ச் சிநேகிதனின் சாவு, அதற்குப் பிறகு வருகிற கண்மண் தெரியாத வெறி, இதெல்லாம் தன்னிடம் வருகிறவர்களில் அப்படியே இருக்கிறது என்றார். நல்ல புத்தகம். ஆனால் அது ஆயுதம் தூக்கினவர்களைப் பற்றியது, வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் அவ்வளவாக ஒன்றும் இல்லை.

சும்மா ஒரு பக்கக் கதை: கோயில் திருவிழாவில் கும்பகர்ணனா வீடணனா என்று பட்டிமன்றம் வைப்பார்கள், நானும் கைதட்டி இருக்கிறேன். "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று தொடங்கி, வளர்த்து விட்டவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தம்பியிடம் கும்பகர்ணன் சொல்கிற கம்பன் பாட்டை இப்போது யாராவது மேடையில் முழங்கினால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். நின்றவனும் போனவனும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், அதில் புள்ளி போட என்ன இருக்கிறது.

குளத்துக்கட்டு

அண்ணாவி மகன் சொன்ன கண்ணகிக் கதைக்கு மறுப்பு இல்லை, அது எங்கள் மண்ணோடு வந்தது, யாரும் கொண்டுவந்து இறக்கினது இல்லை. பாரதத்தில்தான் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பனிநாட்டான் சொன்ன உவமை நல்லது. அழுதது வென்றவன் என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

வாசிகசாலை

எல்லோருக்கும் நன்றி. குளத்துக்கட்டு அண்ணை, படம் எடுக்கிறதில்லை, வருகிறவர்களின் பெயர் எழுதுகிறதும் இல்லை. ராசாக்களின் துக்கம் என்ற கதைக்கு ஒன்று மட்டும்: அழ ஆள் இல்லாமல் கிடந்த உடம்புகளையும் தேடி எடுத்துக் கிரியை செய்யச் சொல்லி விதுரன், சஞ்சயன் ஆட்களைத் தருமன் அனுப்புகிறான். பெயர் இல்லாதவர்களை அந்த அளவுக்காவது நினைத்திருக்கிறார்கள்.

ரீச்சர், உங்களிடம் ஒரு கேள்வி. அழுகையோடு நிறுத்தாமல் ஆசிரமவாசிக பருவத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். போர் முடிந்து வருஷக்கணக்காகக் காந்தாரியும் குந்தியும் ஆறாமல் காட்டில் இருக்க, வியாசர் கங்கையில் இறங்கிக் கூப்பிடுகிறார், செத்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இருந்து எழும்பி வருகிறார்கள். கர்ணன், அபிமன்யு, துரியோதனன், பகை ஒன்றும் இல்லாமல். ஓர் இரவு முழுக்கச் சொந்தக்காரர்களோடு இருந்துவிட்டு விடியத் திரும்பிப் போகிறார்கள். இவ்வளவு துக்கத்தைச் சொன்ன பிறகு அந்த இரவையும் கொடுத்தால் ஓர் ஆறுதல்தானே?

மல்லாவி ரீச்சர்

இல்லைத் தம்பி. அதை நான் வாசிக்க மாட்டேன். எனக்கு மகாபாரதத்திலேயே பிடித்த இடம் அது, இருந்தும் உங்கள் வாசிகசாலையில் வாசிக்க மாட்டேன்.

உங்கள் பாயில் இருக்கிறவர்களில் சிலர் மகன் செத்துவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று சொன்னபோதும் எடுக்கவில்லை. அப்படியான ஒரு தாய்க்கு முன்னால், செத்தவர்கள் ஓர் இரவு வந்தார்கள் என்று வாசித்தால் அவருக்குக் கேட்பது ஆறுதலா? உன் மகன் அந்தக் கூட்டத்தில் ஆள் என்று நீங்கள் சொன்னதாகத்தான் கேட்கும். கங்கையில் இருந்து எழும்பி வர ஒருவன் முதலில் செத்திருக்க வேண்டும். அந்த முடிவை நீங்களும் நானும் எடுக்க ஏலாது.

ஸ்திரீ பருவம் அப்படி இல்லை. அதில் ஒரு பெண் தேடுகிறாள், இது அவர் இல்லை என்கிறாள், திரும்பத் தேடுகிறாள். தேடுகிறவருக்கு அதில் இடம் இருக்கிறது. நீங்கள் நின்றுவிட்ட அந்த 24,165 இருக்கிறதே, அதையும் வாசியுங்கள்.

அண்ணாவி மகன்

ரீச்சர் சொன்னது சரி. கூத்திலும் அப்பா சில பாட்டை ஊரைப் பார்த்துத்தான் பாடுவார், சில வீட்டு முற்றத்தில் விட்டுவிடுவார்.

வாசிகசாலை

விளங்குது ரீச்சர். அந்த இரவை விடுகிறேன். வருகிற கூட்டத்தில் என்ன வாசிக்கப் போகிறேன் என்று முதலே சொல்லி, வேண்டாம் என்கிறவர்கள் அடுத்த அறையில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று ஒழுங்கு பண்ணுகிறேன். முதல் உத்தரையின் பகுதி மட்டும், அதற்கு மேல் அவர்கள் கேட்டால். இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்துவிட்டது, உங்களிடம் அந்தப் பாகம் இருந்தால் மாங்குளம் வரைக்கும் பஸ்ஸில் கொடுத்துவிட ஏலுமா? நான் வந்து எடுக்கிறேன்.

மல்லாவி ரீச்சர்

இருக்கிறது, மட்டை கழன்று போயிருக்கும், பார்த்துப் பிடியுங்கள். பென்சிலால் கோடு கீறி இருப்பேன், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

குளத்துக்கட்டு

படம் எடுக்கிறதில்லை என்றால் நானும் ஒருக்கால் வந்து கேட்கிறேன். ஆம்பிளையள் வரலாமோ? எத்தனை மணிக்கு?

வாசிகசாலை

வரலாம் அண்ணை, ஆறரைக்கு. மழை பெய்தால் இல்லை, கூரை ஒழுகும்.